படம் எழுத்தாகப் பயணம் செய்த கதை

தோல் வியாபாரத்தில் இரண்டே விஷயத்துக்குத்தான் எப்போதும் தகராறு. ஒன்று அளவு, இன்னொன்று தரம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் இருந்து போகும் முடிந்த தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு இவற்றையெல்லாம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். (அரைப் பதனிட்ட தோலாகவே கப்பல் ஏறிய காலத்தில் மிச்ச வேலை வெளிநாட்டில் நடந்தது. 1972-இல் சீதாராமையா கமிட்டி பரிந்துரைத்த பிறகு மத்திய அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முடிந்த தோலும் ஷூவும் இங்கிருந்தே அதிகமாகப் போக ஆரம்பித்தன. தகராறும் கூடவே வந்து சேர்ந்தது!)

இந்தத் தரம் பார்க்கும் வேலையைக் கேமராவும் கணினியும் செய்கிற முறைகள் வந்துவிட்டன. தோலின் படத்தை ஒரு சர்வருக்கு அனுப்பினால், குறையுள்ள இடங்களில் வட்டம் போட்ட படத்தையும் பரப்பளவையும் அது திருப்பி அனுப்பும். இப்படிக் கேள்வி வாங்கிப் பதில் கொடுக்கும் வாசலுக்குத்தான் வெப் ஏபிஐ என்று பெயர். பதில் பெரும்பாலும் ஜேசான் வடிவத்தில் வரும்.

இங்கேதான் சிக்கல். ஜேசானுக்கு எழுத்து தெரியும், எண் தெரியும், ஆம் இல்லை தெரியும், பட்டியல் போடத் தெரியும். படம் தெரியாது. அப்புறம் படம் எப்படி அதற்குள் வருகிறது? எழுத்தாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. இந்த வேஷத்துக்கு வயது நூறுக்கு மேல்.

1920-களின் தொடக்கத்தில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒரு பத்திரிகைப் படம் கப்பலில் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கடலடித் தந்திக் கேபிள் இருந்தது, ஆனால் அதில் எழுத்து மட்டும்தான் போகும். பார்த்தலோமியூ, மெக்ஃபார்லேன் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். படத்தைச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று ஐந்து நிலைகளில் குறித்து, தந்தி நாடாவில் துளையாகப் போட்டு அனுப்பினார்கள். மறுமுனையில் நாடாவைப் படித்து மறுபடியும் படமாக்கினார்கள். இருவர் பெயரையும் ஒட்டவைத்து இதற்கு பார்ட்லேன் முறை என்று பெயர். ஒரு வார வேலை மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது. 1929-இல் ஐந்து நிலை பதினைந்தானது.

அறுபது வருஷம் கழித்து ஈமெயிலுக்கும் இதே தலைவலி வந்தது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய மெயில் விதிகள் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனதில் வைத்தவை. வேறு எதை அனுப்பினாலும் வழியில் ஏதாவது ஒரு கணினி சிதைத்துவிடலாம். 1980-லேயே பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் யூயூஎன்கோட் என்ற மாற்று வழியை எழுதியிருந்தார். ஆனால் நிலைத்தது, 1992 ஜூனில் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வெளியிட்ட மைம் தரத்தில் இடம்பெற்ற பேஸ்64.

கணக்கு எளிது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு, மொத்தம் 64. எந்தக் கணினியும் சேதப்படுத்தாத குறிகள் இவை. படத்தின் மூன்று பைட்டுகளில் 24 பிட். அதை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு எழுத்து. ஆகவே 3 எம்பி படம் 4 எம்பி ஆகிவிடும். சரக்கைவிடப் பெட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை! ஜேபெக் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி தொடங்குவதால், பேஸ்64-இல் அவை சாய்கோடு, ஒன்பது, ஜே, மறுபடி சாய்கோடு என்றுதான் ஆரம்பிக்கும். ஒருமுறை தெரிந்துகொண்டால் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

2001-இல் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் ஜேசானை அறிமுகப்படுத்தியபோது அதில் படத்துக்கென்று தனி வகை எதுவும் வைக்கவில்லை. அதனால் ஏபிஐ எழுதுகிறவர்கள் பழைய பேஸ்64-ஐயே எடுத்துக்கொண்டார்கள். அல்லது படத்தை வேறெங்கோ வைத்துவிட்டு முகவரியை மட்டும் ஜேசானில் தந்தார்கள். 2022 நவம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட பட ஏபிஐ இரண்டு வழியையுமே தந்தது. முகவரி கேட்டால் அது ஒரு மணி நேரத்தில் காலாவதி. பேஸ்64 கேட்டால் படமே கைக்கு வந்துவிடும்.

முகவரிதானே சிக்கனம், எதற்கு வெட்டியாக 33 சதவீதம் கூடுதல் என்று கேட்கலாம். இதற்கு விடை ஆதாரில் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆதார் இ-கேஒய்சி சேவையில், ஷூ கம்பெனித் தொழிலாளி ஒருவர் வங்கிக் கணக்குக்காக விரலை வைத்தால், பெயரும் முகவரியும் புகைப்படமும் ஒரே பதிலில் வங்கிக்குப் போகும். புகைப்படம் பேஸ்64 எழுத்தாகத்தான் உள்ளே இருக்கும். (வடிவம் ஜேசான் அல்ல, அதற்கு மூத்த எக்ஸ்எம்எல். அதற்கும் படம் தெரியாது.) மொத்தப் பதிலுக்கும் சேர்த்து டிஜிட்டல் கையெழுத்து உண்டு. பெயரை வைத்துக்கொண்டு முகத்தை மாற்றினாலும், முகத்தை வைத்துக்கொண்டு பெயரை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. படத்தின் முகவரி மட்டும் உள்ளே இருந்தால், கையெழுத்து அந்த முகவரியை மட்டுமே காக்கும். அங்கே இருக்கும் படத்தை யாராவது மாற்றினால் அதற்குத் தெரியாது.

தோலுக்கும் இது அப்படியே பொருந்தும். 'நீங்கள் காட்டிய படத்தில் இருந்தது இந்தத் தோல் இல்லை' என்று வாங்கியவர் ஒரு மாதம் கழித்துச் சொன்னால், ஒரு மணி நேரத்தில் செத்துப்போன முகவரி எதற்கு உதவும்? அதற்காக இருநூறு தோலுக்கும் 4 எம்பி வீதம் 800 எம்பி ஜேசானாக அனுப்பினால் வாங்குகிற கணினி திணறும். நடுவழி ஒன்று உண்டு. படத்தைத் தனிக் கோப்பாகவே அனுப்பலாம், எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட அதன் 64 எழுத்துக் கைரேகையை மட்டும் கையெழுத்திட்ட ஜேசானில் வைக்கலாம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். ஆனால் அந்தக் கோப்பை இரு தரப்பும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தொலைந்துவிட்டால், வெறும் கைரேகையில் இருந்து தோலை மறுபடி வரைய முடியாது.