மெழுகும் செம்பும் கையொப்பமும்

தாம்பரத்துக்குக் கிழக்கே, மேடவாக்கமும் சோழிங்கநல்லூரும் தாண்டி, கடலோரத்தில் இருக்கிறது ஈஞ்சம்பாக்கம். அங்கே 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் பற்றி யார் பேசினாலும் 'மரபில் வேர்கொண்ட நவீனம்' என்ற தொடர் வந்து விழுந்துவிடுகிறது. இந்த 'வேர்' என்ற உருவகத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. வேர் என்று சொல்லிவிட்டால் அது மண்ணுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதானே?

விக்கிரகம் வார்க்கும் கம்மாளருக்குக் கலை வேறு, தொழில் வேறு அல்ல. அளவு நூல் அறிந்தவரே உலையும் ஊதுவார். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி இந்தக் கைத்திறனைக் காலனியத்தின் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்றபின் அங்கே ஓவியமும் சிற்பமும் முன்வரிசைக்கு வந்தன. 'கலைஞன்' மேலே, 'கைவினைஞன்' கீழே என்ற படிநிலை இப்படித்தான் இறுகியது.

1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கருக்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருந்தன. மேற்கின் நகலாகாமல் வரைவது எப்படி? வரைகிறவன் சாப்பிடுவது எப்படி? முதல் கேள்விக்கு அவர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஒரு பதில். ஜாதகக் கட்டமும் புரியாத எழுத்தும் அங்கே ஓவியமாயின. இரண்டாவதற்குப் பதில் பாத்திக். துணியில் மெழுகு தடவிய இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்தில் நரம்பு நரம்பாக இறங்கும். அந்தத் துணிகளை விற்ற காசில்தான் கிராமத்துக்கு நிலம் வாங்கினார்கள். பாத்திக்கோ ஜாவாவில் செழித்த கலை. 'மண்ணின் மரபு' பேசியவர்களுக்குச் சோறு போட்டது கடல் கடந்த கைத்தொழில்! மரபு என்பது ரத்தத்தில் ஓடுவது என்பாருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அது உழைப்பின் வழியாக, சந்தையின் வழியாகக் கைமாறுவது.

பி.வி. ஜானகிராமை எடுத்துக்கொள்வோம். கோயில் மூர்த்திக்குச் சாத்தும் கவசத்தின் முகப்பை வாங்கி, செம்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்துச் சிற்பமாக்கினார். கவசத்துக்குள் சாமி இருக்கும். இவருடைய தகட்டுக்குப் பின்னால் யாருமில்லை, தகடே உடம்பு. இதைக் களவு என்று நான் சொல்லமாட்டேன். அசலான மாற்றம் இது. ஆனால் ஜானகிராமின் தகட்டில் கையொப்பம் உண்டு; கவசம் தட்டியவர் பெயர் யாருக்குத் தெரியும்? ஒன்றுக்கு காலரி, இன்னொன்றுக்கு எம்போரியம். இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் கைவினைஞர் பார்வையாளர் முன் அமர்ந்து வேலை செய்துகாட்டுகிறார். கை தெரிகிறது. பெயர்?

இந்தக் கேள்வி நமக்கும்தான். ஆதிமூலத்தின் கோடுகள் சிறுபத்திரிகைகளுக்கு முகம் தந்தன. அவரைப் பற்றி எழுதினோம், பேசினோம். பட்டறைகளைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம்? நவீனக் கலையின் வரலாற்றை உலையடியிலிருந்து ஒருமுறை எழுதிப்பார்க்க வேண்டும். அதுவரை 'வேர்' என்ற சொல்லைக் கொஞ்சம் கீழே வைப்போம்.