முதுகுவலிக்கு மருந்து படுக்கையா, நடையா? - ஒரு மருத்துவ வரலாறு

முதுகு பிடித்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னால் போதும், வீட்டில் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை "ரெண்டு வாரம் அசையாம படு" என்பதுதான். பலகையில் படுக்கச் சொல்பவர்கள் உண்டு, தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் படுக்க வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

இது ஏதோ பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய மருத்துவர்களே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அது சரியான மருந்துதானா என்று முறையாகச் சோதித்துப் பார்க்க 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோதித்தபோது கிடைத்த விடை மருத்துவ உலகையே திருப்பிப் போட்டது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

ஓய்வு மருந்தான கதை

லண்டனில் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர் ஜான் ஹில்டன். 1860 முதல் 1862 வரை அவர் ஆற்றிய தொடர் சொற்பொழிவுகள் 1863ல் புத்தகமாக வந்தன. உடம்பில் எந்த இடம் கெட்டாலும் அதை அசையாமல் வைத்தால் இயற்கையே அதைச் சரி செய்துகொள்ளும், வலி என்பதே "அசைக்காதே" என்று உடம்பு தரும் அறிவிப்பு என்பது அவர் கருத்து. பிற்காலப் பதிப்புகளில் இந்தப் புத்தகத்துக்கு 'ஓய்வும் வலியும்' என்றே பெயர் வந்துவிட்டது. பல தலைமுறை மாணவர்கள் இதைப் படித்து மருத்துவரானார்கள்.

அடுத்து வந்தவர் லிவர்பூலைச் சேர்ந்த ஹ்யூ ஓவன் தாமஸ் (1834-1891). இவருடைய அப்பா எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் நாட்டு வைத்தியர். மகன் முறைப்படி மருத்துவம் படித்தாலும் குடும்பத் தொழிலை விடவில்லை. மூட்டு நோய்க்கும் எலும்பு முறிவுக்கும் நீண்ட நாள், இடைவிடாத, கட்டாய ஓய்வு வேண்டும் என்பதில் மிகவும் பிடிவாதமாக இருந்தார். அவர் வடிவமைத்த தாமஸ் கட்டை முதல் உலகப்போரில் தொடை எலும்பு முறிந்த ஏராளமான வீரர்களின் உயிரைக் காப்பாற்றியது.

இவர்கள் இருவரும் சொன்னது தவறா? இல்லை. உடைந்த எலும்பு சேர வேண்டுமானால் அசையாமல் இருக்கத்தான் வேண்டும். காசநோய் முதுகெலும்பை அரித்துக்கொண்டிருந்த, அதற்கு மருந்தே இல்லாத காலத்தில் ஓய்வைத் தவிர வேறு வழியும் இல்லை. எலும்பு முறிவுக்குப் பொருந்திய இந்தப் பாடத்தை, குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொள்ளும் சாதாரண முதுகுவலிக்கும் அப்படியே போட்டார்களே, அங்கேதான் தவறு தொடங்கியது.

டிஸ்க் என்ற வார்த்தை வந்தது

1934ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி வருகிறது என்றும், அறுவை சிகிச்சையால் அதைச் சரி செய்யலாம் என்றும் காட்டினார்கள். உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அதன் பிறகு எல்லா முதுகுவலிக்கும் டிஸ்க்தான் காரணம் என்ற எண்ணம் பரவிவிட்டது. முதுகு என்பது எந்த நேரமும் உடைந்துபோகக் கூடிய ஒரு பொருள் என்ற பயமும் கூடவே வந்தது.

1960களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் டிஸ்க்குக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம், படுக்கும்போதுதான் மிகக் குறைவு என்று தெரிந்தது. அப்புறம் என்ன? படுக்கைக்கு விஞ்ஞான முத்திரையே கிடைத்துவிட்டது!

யாரும் கேட்காத ஒரு குரல்

இதற்கு நடுவே, 1947ல், ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். படுக்கையில் கிடப்பதால் வரும் ஆபத்துகளைப் பற்றிய கட்டுரை அது. கால் நரம்புகளில் ரத்தம் உறைவது, தசைகள் சூம்புவது, எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து வெளியேறுவது, படுக்கைப் புண், மனச்சோர்வு என்று உடம்பின் ஒவ்வொரு பாகமாக எடுத்துக்கொண்டு அடுக்கினார். படுக்கையும் ஒரு மருந்துதான், அதற்கும் பக்க விளைவுகள் உண்டு என்பதே அவர் சொன்னதன் சாரம். பலரும் ரசித்துப் படித்தார்கள். ஆனால் முதுகுவலிக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு மட்டும் மாறவில்லை.

203 பேரும் ஒரு கேள்வியும்

கடைசியில் 1986ல்தான் அந்த எளிய கேள்வி கேட்கப்பட்டது. முதுகுவலிக்கு எத்தனை நாள் படுக்க வேண்டும்?

அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய நண்பர்களும் டெக்சாஸ் மாநிலத்தில் 203 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை, மற்றவர்களுக்கு 7 நாள் படுக்கை. முடிவு என்ன தெரியுமா? வலி குறைந்ததில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. வேலைக்குப் போகாத நாட்களில் மட்டும் வித்தியாசம் இருந்தது. 2 நாள் பிரிவினர் சராசரியாக 3.1 நாள் வேலையை இழந்தார்கள். 7 நாள் பிரிவினர் இழந்தது 5.6 நாள். அதாவது, கூடுதலாகப் படுத்ததால் கிடைத்த ஒரே பலன் சம்பள இழப்புதான்!

அடுத்த ஆண்டே (1987) ஸ்காட்லாந்தின் கார்டன் வாடெல் இன்னொரு உண்மையை எடுத்து வைத்தார். மேலை நாடுகளில் முதுகுவலி புதிதாகப் பெருகிவிடவில்லை, ஆனால் முதுகுவலியால் முடங்கிப்போனவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றார். அப்படியானால் முடக்குவது எது? வலி மட்டுமா? வலியைப் பற்றிய பயமும், "எதையும் தூக்காதே, குனியாதே, படுத்திரு" என்ற அறிவுரையும் சேர்ந்துதான் ஆட்களை முடக்குகின்றன என்பது அவர் வாதம்.

2 நாள் படுக்கையாவது வேண்டுமா என்ற கேள்விக்கு 1995ல் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து பதில் வந்தது. அந்த நகராட்சியின் ஊழியர்கள் 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு 2 நாள் படுக்கை. இரண்டாவது பிரிவுக்கு முதுகுக்கான உடற்பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். முதலில் குணமானது இந்த மூன்றாவது பிரிவுதான். கடைசியில் வந்தது படுத்திருந்த பிரிவு.

டிஸ்க் அழுத்தத்தை அளந்த நாக்கெம்சன் என்ன ஆனார் என்று கேட்கலாம். அவரும் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 1992ல் வோல்வோ தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் படிப்படியாக உடல் உழைப்பைக் கூட்டிக்கொண்டே போகும் முறையைச் சோதித்த குழுவில் அவரும் இருந்தார். அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். சொந்த ஆராய்ச்சியால் வந்த பெயரைப் பெரிதாக நினைக்காமல் உண்மையின் பக்கம் நின்ற அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஸ்கேன் படமும் பயமும்

1994ல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது சற்றுப் புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்கு நன்றாகவே துருத்திக்கொண்டிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். வலியே இல்லாதவர்களின் படம் இப்படி! தலையில் நரை விழுவது போல டிஸ்க்கிலும் வயது தெரியும். "டிஸ்க் விலகியிருக்கிறது" என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு வாழ்க்கையே முடிந்ததாகப் பயப்படத் தேவையில்லை என்பதை இந்த ஆராய்ச்சி காட்டியது.

டி.வி. விளம்பரம் செய்த வைத்தியம்

மருத்துவர்கள் மாறினால் போதுமா? மக்கள் மாற வேண்டாமா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997ல் ஒரு புதுமையான முயற்சியில் இறங்கியது. வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் அரசு அமைப்பு டி.வி.யில் விளம்பரம் போட்டது. முதுகுவலி வந்தால் படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள் என்பதுதான் செய்தி. மருத்துவர்களோடு பிரபல விளையாட்டு வீரர்களும் தோன்றிப் பேசினார்கள்.

பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்சில் இந்த விளம்பரம் இல்லை. எனவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2001ல் வெளியான முடிவுகளின்படி விக்டோரியாவில் பொதுமக்களின் எண்ணமும் மாறியது, மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. முதுகுவலிக்கான இழப்பீட்டு விண்ணப்பங்கள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. நியூ சவுத் வேல்சில் இப்படி எந்த மாற்றமும் இல்லை. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் சரியான தகவல்! அதற்கே இவ்வளவு பலன்.

மூட்டுவலியிலும் இதே கதைதான்

முடக்குவாத நோயாளிகளை மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. முழங்கால் தேய்ந்தவர்களிடம் "நடந்தால் இன்னும் தேயும்" என்று பலரும் பயமுறுத்துவார்கள். 1997ல் அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள, 60 வயதைத் தாண்டிய 439 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு நடைப்பயிற்சி, சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி, சிலருக்கு வெறும் ஆலோசனை. 18 மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்த இரண்டு பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது, நடமாட்டமும் கூடியிருந்தது. எக்ஸ்ரேயில் தேய்மானம் அவர்களுக்கு மட்டும் அதிகமாகவில்லை.

இன்று எங்கே நிற்கிறது?

2023ல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டியை வெளியிட்டது. உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய சரியான விளக்கமும் அதில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியம் வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொல்கிறது.

வலி திரும்ப வராமல் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு 2024ல் ஆஸ்திரேலியாவிலிருந்தே நல்ல செய்தி வந்தது. இடுப்புவலி வந்து சமீபத்தில் குணமான 701 பேரில் பாதிப் பேருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலுடன் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்கள். வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம் என்பது இலக்கு. நடக்காத பிரிவில் பாதிப் பேருக்கு 112 நாட்களுக்குள் வலி திரும்பிவிட்டது. நடந்த பிரிவில் அதே நிலை வர 208 நாட்கள் ஆயின. செருப்பைத் தவிர வேறு செலவில்லாத வைத்தியம்!

ஒரு முக்கிய எச்சரிக்கை

எல்லா முதுகுவலிக்கும் நடைதான் மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, கால் பலவீனமாவது ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்து அடிபட்டது என்றாலும் தாமதிக்கக் கூடாது. இளம் வயதில் காலையில் முதுகு விறைத்துக்கொண்டு, நடமாடினால் சரியாகும் வலி மாதக்கணக்கில் இருந்தால் அது முதுகெலும்பைத் தாக்கும் வாத நோயாகவும் இருக்கலாம். அதற்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன.

மற்றபடி பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானே குறைந்துவிடும். வலி பொறுக்க முடியாத முதல் நாளோ இரண்டாம் நாளோ சற்றுப் படுப்பதில் தவறில்லை. பிறகு மெல்ல எழுந்து நடப்பதுதான் நல்லது.

ஹில்டனும் தாமசும் கெட்ட எண்ணத்தோடு எதையும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் எத்தனை பேர் வேலையை இழந்தார்கள், எத்தனை பேர் நடக்கக் கூடிய கால்களோடு கட்டிலில் கிடந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. இனி வீட்டில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால், "படுத்திரு" என்று சொல்வதற்கு முன் அந்த 203 பேரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது.