காய்ச்சல் காடும் அரிவாள் அணுக்களும்

நீலகிரியின் வரலாறு பெரும்பாலும் ஊட்டி, குன்னூர் எனும் குளிர்ந்த மேட்டு நிலத்தோடு நின்றுவிடுகிறது. மேற்கிலும் வடக்கிலும் தாழ்ந்திறங்கும் கூடலூர், பந்தலூர், சிகூர்ப் பகுதிகளின் வரலாற்றையோ நெடுங்காலம் மலேரியாக் காய்ச்சலே எழுதியது. கூடலூரும் பந்தலூரும் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877-இல் நீலகிரி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர்ப் பாறைகளில் தங்கம் இருப்பதாகப் பேச்சு எழ, இங்கிலாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பாறை தந்த தங்கம் சொற்பம். வந்தவர்களைக் காய்ச்சலும் விடவில்லை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிக்கொண்டிருந்த ரொனால்ட் ராஸ், 1897-இல் ஊட்டியிலிருந்து சிகூர் மலைப்பாதையில் இறங்கியபோது தாமே அந்த நோய்க்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில்தான் அவருக்கு விடை கிடைத்தது.

வந்தவர் தங்க முடியாத அந்தக் காடுகளில் பணியரும் குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அதற்கு ஒரு காரணம் அவர்களில் பலருடைய குருதியிலேயே இருந்தது என்பது 1952-இல்தான் புலப்படத் தொடங்கியது. அவ்வாண்டு ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியைச் சோதித்து, அரிவாள் அணுக் கூறு அங்கே மிகுதியாக இருப்பதை அறிவித்தனர். சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறிவிடுவதால், உயிர்வளி குறையும்போது அணு வளைந்து அரிவாள் வடிவம் கொள்வதே இந்தக் கூறின் இயல்பு. லேமன் தேடியது தொல்குடிகளின் இன உறவை. இன்று யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத கேள்வி அது. அவருக்குக் கிடைத்த விடைதான் நிலைத்தது. அதே 1952-இல் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் இக்கூறால் வரும் நோயும் பதிவாயிற்று. இரண்டாண்டு கழித்து ஆந்தனி அலிசன், ஆப்பிரிக்காவில் ஆய்ந்து, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறைப் பெற்றவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று காட்டினார்.

அந்தப் பாதுகாப்புக்கு விலையும் உண்டு: இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கு அது நோயாகிறது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டி.டி.டி. தெளிப்போடு தொடங்கியது. காய்ச்சல் தணியத் தணிய வெளியார் குடியேற்றம் பெருகியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்களும் 1968 முதல் எழுந்தன. தாம் பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டோருக்கு வேலை கிடைத்தது நியாயமே. எனினும், ஆதிவாசிகளுக்குக் காடு சுருங்கிப்போனது. காய்ச்சலை எதிர்த்த குருதிக்குத் தேவை குறைந்தபோதும், அது தரும் நோய் மட்டும் குறையவில்லை.

வளரிளம் பருவத்தில் அந்நோய் உடம்பில் பதிக்கும் தடம் தனித்தது. அணுக்கள் விரைவாகச் சிதைவதால் உடல் தன் சத்தையெல்லாம் புதுக் குருதி செய்வதிலேயே செலவிடுகிறது. ஆகவே பூப்பும், மீசை அரும்பும் காலமும், திடீர் உயர வளர்ச்சியும் தள்ளிப்போகின்றன. எலும்பின் வளர்முனைகளும் தாமதித்தே மூடுவதால் இறுதி உயரம் பெரும்பாலும் ஈடுகட்டப்படும். வயதொத்தவரிடையே சிறுத்துத் தெரியும் சங்கடத்தை மட்டும் எதுவும் ஈடுகட்டாது. குருதி உற்பத்திக்காக மஜ்ஜை விரிவடைகையில் மேல்தாடை முன்னே தள்ளிப் பல்வரிசை எடுப்பாகலாம். காதுக்கு முன்னால், வாய் திறக்கும்போது விரல் வைத்தால் அசைவது தெரியும் தாடை மூட்டில், கீழ்த்தாடையின் குமிழ்முனைக்குச் செல்லும் குருதி நுண்குழாய் வளைந்த அணுக்களால் அடைபட்டால், அரிதாக அவ்வெலும்பே மடிந்து வாய் திறப்பது குறுகலாம். தாடை மூட்டு வலி பொதுவாகவே பூப்புக்குப் பின் கூடுவதும், அதிலும் பெண்களிடம் மிகுதியாக இருப்பதும் தெரிந்ததே. அரிவாள் அணு நோயுள்ள சிறுமியின் தாடை வலியை அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவது எளிது. கீழ்த்தாடை வலியோடு கீழுதடும் மோவாயும் மரத்துப்போனால் அங்கே நரம்பை ஒட்டிய எலும்புக்குக் குருதி போகவில்லை என்று ஐயுற வேண்டும். அதைச் சொத்தைப்பல் என்று பிடுங்கினால் பல்தான் போகும்.

முதற்கட்டச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு துளிக் குருதியை இரசாயனக் கரைசலில் கலந்து, கோடுபோட்ட தாளின் முன் குழாயைப் பிடிக்க வேண்டும்: கோடுகள் தெரிந்தால் கூறு இல்லை, கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் உண்டு. சுமப்பவரா நோயாளியா என்பதைப் பிரித்தறியத்தான் ஹீமோகுளோபினை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் ஆய்வு தேவை. 1958-இல் தோன்றிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் கோத்தகிரியிலிருந்தும், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு 1990 முதலும் இம்மக்களிடையே பணியாற்றி வருகின்றன. தேசிய அளவில் இந்நோயை ஒழிக்கும் இயக்கம் 2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. லேமனின் அறிக்கைக்கு அப்போது 71 வயது.