கற்பிட்டிக் கரையின் வரலாறும் அதனை உரைப்போரும்

வரலாற்றை எழுதுபவர் வரலாற்றாசிரியர் என்பது பொதுவான கருத்து. ஆயின், எழுதப்பெற்ற வரலாறு அனைத்தும் மக்களைச் சென்றடைவதில்லை. ஓர் ஊருக்குப் புதிதாக வருகின்றவன் அவ்வூரைப் பற்றி அறிந்துகொள்வது பெரும்பாலும் நூலகத்திலிருந்து அன்று. அவன் தங்கும் வீட்டை வைத்திருப்போரிடமிருந்தே அறிந்துகொள்கின்றான். இவ்வுண்மை ஈழத்தின் வடமேற்குக் கரைக்கு, சிறப்பாகப் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு, இன்று மிகவும் பொருந்துவதாகும்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவுற்ற பின்னர், கற்பிட்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளின் தொகை பெருகியது. டொல்பின் மீன்களைக் காண்பதற்கும், காற்றாடியின் துணைகொண்டு கடலிற் சறுக்கி விளையாடுவதற்கும் ஆலங்குடா, கப்பலடி, கண்டக்குழி ஆகிய இடங்களைப் பலர் நாடி வருகின்றனர். அவர்களுக்கென எழுந்த கடற்கரை வீடுகள் சிலவற்றின் உரிமையாளர் ஊரில் வாழ்பவரல்லர். கொழும்பிலோ கடல் கடந்த நாடுகளிலோ வாழ்பவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் அந்நியருக்குக் காணியை உடைமையாக மாற்றுவதைக் கட்டுப்படுத்தி, 99 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கு இடமளித்தது. தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்காக வீட்டைப் பேணி, விருந்தினரை வரவேற்று, படகும் வழிகாட்டியும் ஒழுங்கு செய்து கொடுப்பன உள்ளூர்ச் சொத்துப் பராமரிப்பு நிறுவனங்களாகும். இந்நிறுவனங்கள் வீட்டின் திறப்புடன் இன்னொன்றையும் விருந்தினர் கையிற் கொடுக்கின்றன. அதுவே தீவின் பண்பாடும் வரலாறும் பற்றிய விளக்கம். இதனை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அவ்விளக்கம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று வினவுவதே பயனுடையதாகும். அவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, இக்கரையின் வரலாறு முன்னர் எவ்வெவரால் உரைக்கப்பட்டது என்பதை நோக்குவோம். விருந்தினன், உடைமையாளன், ஊரவன் என மூவர் நம் கண்முன் தோன்றுகின்றனர்.

முதலாமவன் விருந்தினன். மொறோக்கோ நாட்டுப் பிரயாணியாகிய இபுனு பதூதா 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்டு வந்து இத்தீவிற் கரையிறங்கினார். அவர் ‘பத்தாளா’ எனக் குறித்த நகரைப் புத்தளம் என்றே ஆய்வாளர் கொள்வர். அந்நகரின் மரத்தாலாய மதிலையும், வெள்ளத்தால் அடித்து வரப்பட்டுக் கரையிற் குவிந்து கிடந்த கறுவா மரங்களையும் அவர் குறிப்பிடுகின்றார். அங்கு அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழியை அறிந்திருந்ததும், முத்துக்களைக் காட்டி உரையாடியதும், பாவாதமலைக்குச் செல்லத் துணையாட்களைக் கொடுத்து உதவியதும் அவர் குறிப்பால் தெரியவருகின்றன. யாழ்ப்பாண அரசின் செல்வாக்கு இக்கரை வரை பரவியிருந்தமைக்கு இக்குறிப்பு முக்கியமான சான்றாகும். எனினும் விருந்தினனின் கண் அரசனையும் முத்தையும் கறுவாவையும் கண்ட அளவுக்கு, முத்துக் குளித்தவனையோ கறுவாவைச் சுமந்தவனையோ காணவில்லை. வந்தவன் வியந்தவற்றை எழுதுவான். அது குற்றமன்று, எல்லை.

இரண்டாமவன் உடைமையாளன். 1602ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, போர்த்துக்கேயரை அகற்றி இக்கரையைக் கைப்பற்றியது. கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டு வரை அது கோட்டையொன்றைக் கட்டுவித்தது. கோட்டை அமைந்த இடத்தை நோக்கின் அதன் நோக்கம் விளங்கும். புத்தளக் கடல்நீரேரிக்குள் நுழையும் தோணி எதுவும் குடாநாட்டின் வட முனையைக் கடந்தே செல்லுதல் வேண்டும். புத்தளமோ கண்டி இராச்சியம் வெளியுலகோடு வாணிகம் செய்வதற்குப் பயன்பட்ட துறைகளுள் ஒன்று. ஆகவே கற்பிட்டியைக் கையில் வைத்திருப்பவன் கண்டியின் கதவொன்றைக் கையில் வைத்திருப்பவனாகின்றான். முருகைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்த அந்த நாற்சதுர மதில், அழகுக்காகவன்றிப் பாக்கு, உப்பு, துணி ஆகியவற்றின் போக்குவரத்தைக் கண்காணிப்பதற்காக எழுந்ததாகும்.

கம்பனி தான் கைக்கொண்ட நிலத்தைப் பற்றி ஏராளமாக எழுதியது. கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய பகுதிகளில் காணிகளையும் குடிகளையும் பதிந்த தோம்புகள் அதன் ஆட்சிக்காலத்தன. பதவி நீங்கிச் செல்லும் ஆளுநர் தமக்குப் பின் வருபவருக்கு நினைவுக் குறிப்பு எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. இவ்வாவணங்கள் இன்றைய ஆராய்ச்சியாளருக்குப் பெருஞ் செல்வம். ஆனால் அவற்றின் பார்வை உடைமையாளனின் பார்வை. வரி எவ்வளவு, யானை எத்தனை, முத்துச் சலாபம் எப்போது, ஊழியத்துக்கு ஆள் எங்கே என்பனவே அப்பார்வைக்குப் பெரிதாகத் தென்பட்டன. 1795ஆம் ஆண்டில் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று அது இலங்கைக் கடற்படையின் பொறுப்பில் உள்ளது. காண விரும்புவோர் அனுமதி பெற்றே உட்செல்லுதல் வேண்டும். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அக்கோட்டையின் வாயிலில் ஊரவன் விருந்தாளியாகவே நிற்கின்றான்.

மூன்றாமவனே ஊரவன். கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, தமது இருபத்தேழாம் வயதில், 1834ஆம் ஆண்டு, ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை வெளியிட்டார். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள், குடிகள், சமயங்கள், வழக்கங்கள் ஆகியவற்றை அகரவரிசையில் தொகுத்துரைக்கும் நூல் அது. 1838ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகப் பணியாற்றினார். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலில் ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தளித்தார். மறு ஆண்டில் மறைந்தார். தமிழிலக்கிய வரலாறு எழுதப்புகும் எவரும் அவரை முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றத் தவறுவதில்லை.

காசிச்செட்டியும் அரசாங்க உத்தியோகத்தரே. அவர் எழுதியதும் ஆள்வோரின் மொழியாகிய ஆங்கிலத்திலேயே. இதனை மறைத்தல் தகாது. அங்ஙனமாயினும் அவருடைய எழுத்துக்கும் கம்பனியின் ஏட்டுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. கம்பனிக்குக் குடியானவன் ஒரு வரி. காசிச்செட்டிக்கு அவன் ஒரு குலத்தையும் கோயிலையும் கதையையும் உடையவன். பரவரின் தோற்றம் பற்றியும், சோனகரின் வழக்கங்கள் பற்றியும் அவர் தனிக் கட்டுரைகள் எழுதினார். தாம் கிறித்தவராக இருந்தும் இந்துக்களின் நூல்களையும் முஸ்லிம்களின் வழக்கங்களையும் சமமான அக்கறையுடன் ஆராய்ந்தார். பல இனத்தவரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் கற்பிட்டி போன்றதோர் ஊரில் வளர்ந்தவருக்கு இப்பண்பு இயல்பாகவே வாய்த்தது எனக் கருத இடமுண்டு.

இம்மூவரையும் மனத்திற் கொண்டு இன்றைய நிலைமைக்கு வருவோம். சொத்துப் பராமரிப்பு நிறுவனம் உடைமையாளனின் ஊழியத்தில் இருப்பது. விருந்தினனை நோக்கிப் பேசுவது. ஆயின் அதில் வேலை செய்வோர் பெரும்பாலும் ஊரவர். மூன்று பார்வைகளும் சந்திக்கும் இடம் அது. விருந்தினன் விரும்புவதை மாத்திரம் சொன்னால் வரலாறு கோட்டையில் தொடங்கி டொல்பினில் முடிந்துவிடும். உடைமையாளன் விரும்புவதை மாத்திரம் சொன்னால் கரை ஆளில்லாத வெறும் மணல் ஆகிவிடும். ஊரவன் அறிந்ததைச் சொன்னாலன்றி அது இக்கரையின் வரலாறு ஆகாது.

ஊரவன் அறிந்தவை யாவை? முதலாவது ஊர்ப்பெயர்கள். ஆலங்குடா, கப்பலடி, பள்ளிவாசல்துறை, உச்சமுனை, முகத்துவாரம் என்னும் பெயர்களிலே குடா, துறை, முனை, முகத்துவாரம் எனக் கடலோடிகளின் சொற்கள் அமைந்து கிடக்கின்றன. அப்பெயர்கள் விளம்பரத்தின் பொருட்டுச் சிதைந்து வழங்குமாயின் அவற்றுள் இருக்கும் செய்தியும் அழியும். இரண்டாவது வழிபாட்டிடங்கள். தலவிலையில் 1843ஆம் ஆண்டில் நிறைவுற்ற புனித அன்னம்மாள் தேவாலயத்துக்கு மார்ச், ஓகஸ்ட் மாதத் திருவிழாக்களின்போது தமிழரும் சிங்களவரும் பெருந்திரளாக வருகின்றனர். கத்தோலிக்கர் அல்லாதோரும் நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். தெற்கே உடப்பில் திரௌபதையம்மனுக்கு ஆடி மாதத்தில் தீமிதிப்பு நிகழ்கின்றது. தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர் என்பது அவ்வூரவர் மரபு. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், குடியேற்ற ஆட்சிக்காலப் படைகளிற் பணிபுரிந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழிப் பாடல்களை இன்றும் பாடிவருகின்றனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்ததும் இம்மாவட்டமே. வருவோரை ஏற்றுக் கொண்டு வந்தமையே இக்கரையின் தலையாய வரலாறு எனின் மிகையாகாது.

மூன்றாவது, கடலும் நிலமும் பற்றிய உரிமை. பத்தலங்குண்டு, உச்சமுனை முதலிய தீவுகளில் மீனவர் வாடி அமைத்துத் தொழில் செய்கின்றனர். நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களிலிருந்து பருவந்தோறும் வருவோரும் அவர்களுள் அடங்குவர். கற்பிட்டியை ஒருங்கிணைந்த உல்லாசப் பயண வலயமாக்கும் அரசின் திட்டம் 14 தீவுகளை உள்ளடக்கியது. தங்கள் இறங்குதுறைகளும் வாடிகளும் பறிபோகும் என அஞ்சிய மீனவர் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். காணி உறுதி இல்லாதவனுக்கு அவன் முன்னோர் அங்கு வலை இழுத்தனர் என்னும் நினைவே உறுதியாகும். அந்நினைவு விருந்தினருக்குச் சொல்லப்படும் வரலாற்றில் இடம்பெறாவிடின், நாளடைவில் அத்தீவு எவருக்கும் உரியதன்று என்னும் எண்ணமே நிலைபெறும். வரலாற்றைக் கூறுவது இங்கு பொழுதுபோக்கன்று என்பது இதனாற் பெறப்படும்.

பிற இடங்களின் அனுபவம் நமக்குப் பாடமாகலாம். இங்கிலாந்தின் மேற்கே பிறிஸ்ரல் கால்வாயில் உள்ள லண்டி என்னும் சிறு தீவு 1969ஆம் ஆண்டில் நாஷனல் ட்றஸ்ற் என்னும் அமைப்பின் உடைமையாயிற்று. அதனைக் குத்தகைக்குப் பெற்றுப் பராமரிப்பது 1965ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லாண்ட்மார்க் ட்றஸ்ற் ஆகும். பழைய கட்டடங்களைச் செப்பனிட்டு விருந்தினருக்கு வாடகைக்கு விடும் இவ்வமைப்பு, தன் கட்டடங்களில் அவற்றின் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய ஏட்டை வைத்துவிடுகின்றது. வீட்டைப் பராமரிப்போர் வரலாற்றையும் செம்மையாகப் பராமரிக்க முடியும் என்பதற்கு அது சான்று. எனினும் லண்டியில் நிலையாக வாழ்வோர் மிகச் சிலரே. கற்பிட்டித் தீவுகளோ வாழும் மனிதரைக் கொண்டவை. ஆதலின் நமக்கு மிக நெருங்கிய எச்சரிக்கை காலியாகும். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற காலிக் கோட்டையுள் வீடுகள் பல கைமாறி விடுதிகளாயின. பழங்குடும்பங்கள் பல வெளியேறின. சுவர்கள் காக்கப்பட்டன, அச்சுவர்களுக்குள் வாழ்ந்தோர் குறைந்தனர்.

எனவே கற்பிட்டிக் கரையில் வீடு பராமரிக்கும் நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கவை சில உள. ஊர்ப்பெயர்களை ஊரவர் வழங்கும் வடிவிலேயே வழங்குதல் வேண்டும். செவிவழிக் கதையைக் கதை என்றும், சான்றுள்ள செய்தியைச் செய்தி என்றும் பிரித்துச் சொல்லுதல் வேண்டும். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒன்றை ஒன்று மறைக்காது இடம்பெறுதல் வேண்டும். கோட்டை கட்டியவனைப் போலவே வலை இழுப்பவனும் அவ்வரலாற்றில் ஓர் ஆள் என்பதை ஏற்றல் வேண்டும். வரலாறு சொல்லும் வழிகாட்டி ஊர் இளைஞனாயின் அவனுக்கு அதற்குரிய ஊதியமும் வழங்கப்படல் வேண்டும்.

ஆனால் நிறுவனங்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வழிகாட்டி இளைஞன் எதைப் படித்துச் சொல்வான்? காசிச்செட்டி கற்பிட்டியையும் புத்தளத்தையும் பற்றி எழுதியவற்றை எளிய தமிழிலும் சிங்களத்திலும் அவன் கையில் சேர்ப்பது பல்கலைக்கழகத்தாரின் கடமையன்றோ? முதியோர் வாய்மொழியைப் பதிவு செய்வதற்கும், ஊர்ப்பெயர்களைத் தொகுப்பதற்கும் விடுமுறைக் காலத்தில் மாணவர் சிலர் முன்வரின் போதும். அவ்வாறு நாம் செய்யாதவிடத்து அவ்விடத்தை விளம்பரம் நிரப்பும். பின்னர் விளம்பரத்தை நோதல் முறையாகாது.

காசிச்செட்டி தம் ஊரைப் பற்றி எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது நம்முடைய வயதுதான். அவர் கையில் இருந்தன ஓர் எழுதுகோலும், தம் ஊர் எழுதப்படத் தக்கது என்னும் நம்பிக்கையும். கற்பிட்டியின் வீட்டுத் திறப்புகள் இன்று எவர் கையில் இருப்பினும், அதன் வரலாற்றின் திறப்பு ஊரவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.