இரண்டு மின்சாரக் கார்களும் ஒரு பழைய பாடமும்



மின்சாரத்தால் ஓடும் கார் புத்தம் புதிய கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நூறாண்டைக் கடந்த கதை. தோட்டத்துப் பிள்ளைகள் படித்துச் சம்பாதித்து, குடும்பத்துக்கு ஒரு மின்சாரக் கார் வாங்க நினைக்கும் இந்நாளில் அக்கதையை நாம் அறிந்திருப்பது நல்லது.

1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சார வண்டிகளே. அவற்றில் புகையில்லை, இரைச்சலில்லை. பெட்ரோல் வண்டியையோ கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். அப்படியிருந்தும் மின்சார வண்டி ஏன் தோற்றது? அதன் பேட்டரி கனமானது. சிறிது தூரமே ஓடியது. நகரத்தைத் தாண்டினால் மின்னேற்ற இடமில்லை. 1908 இல் வந்த ஃபோர்டின் 'மாடல் டி' காரின் விலை பின்னர் குறைந்துகொண்டே போனது. 1912 இல் காடிலாக் கார், கைப்பிடி சுழற்றும் தொல்லையையும் ஒழித்தது. பெட்ரோல் வென்றது. அக்கார்களின் டயர்களுக்காக மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட நம் முன்னோர் ஆயிரமாயிரமாகக் கப்பலேறி வந்தனர்.

இலேசான லித்தியம் பேட்டரி 1991 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபின், பழைய போட்டி மீண்டும் தொடங்கியது. இன்று நம் நாட்டில் கிடைக்கும் இரண்டு உயரமான குடும்பக் கார்களை, அதாவது எஸ்.யு.வி. வகைக் கார்களை, எடுத்துக்கொள்வோம்.

ஒன்று பி.ஒய்.டி. அட்டோ 3. 1995 இல் சீனாவின் ஷென்செனில் பேட்டரி செய்யத் தொடங்கிய நிறுவனம், 2003 இல் கார்த் தொழிலில் இறங்கியது. இக்காரை 2022 டிசம்பரில் இங்கே கொண்டுவந்தது சைம் டார்பி குழுமம். ஆம், 1910 இல் மலாக்காவில் ரப்பர்த் தோட்டங்களை நிர்வகிக்கத் தோன்றிய அதே சைம் டார்பிதான்! மற்றொன்று 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7. 1985 இல் மிட்சுபிஷியின் துணையுடன் சாகா காரைத் தந்த புரோட்டோன், 2017 இல் சீனாவின் ஜீலிக்கு 49.9 விழுக்காட்டுப் பங்கை விற்றது. இ.மாஸ் 7, ஜீலியின் காரை அடிப்படையாகக் கொண்டது.

அறிமுகமானபோது இவற்றின் சிறிய வகைகள் எப்படி இருந்தன? அட்டோவின் பேட்டரி 49.92 யூனிட், இ.மாஸின் பேட்டரி 49.52 யூனிட். சோதனைக் கணக்குப்படி இரண்டும் ஓடும் தூரம் ஒன்றே: 345 கிலோமீட்டர். விலையோ அட்டோவுக்கு 149,800 வெள்ளி, இ.மாஸுக்கு 109,800 வெள்ளி. இரண்டே ஆண்டுகளில் 40,000 வெள்ளி வேறுபாடு! முன்னதன் விலையும் பிறகு இறங்கியது. இன்று வாங்கும் கார் நாளை என்ன விலைக்குப் போகும் என்று யோசிக்காமல் கையெழுத்திடலாகாது. இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கும் 2025 முடிவோடு நின்றது. ஆகவே அன்றைய விலையைக் கேட்டறிவதே முறை.

தூரம் ஒன்றாயிருக்க, எதை ஒப்பிடுவது? நூறாண்டுக்கு முன் மின்சாரக் காரைத் தோற்கடித்த அதே இரண்டைத்தான்: மின்னேற்றும் இடம், பேட்டரி.

வீட்டிலுள்ள சாதாரண பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 2 யூனிட்தான் ஏறும். 50 யூனிட் நிரம்ப ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். 7 கிலோவாட் மின்னேற்றி இருந்தால் ஓர் இரவு போதும். ஆனால் பழைய லயத்து வீட்டின் மின்கம்பிகள் அதைத் தாங்குமா? தோட்ட வீடானால் நிர்வாகம் அனுமதிக்குமா? உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் இதை முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. இரண்டு கார்களுக்கும் பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். எது முந்துகிறதோ அதுவே எல்லை. நம்மவர் எடுக்கும் கார்க் கடனோ 9 ஆண்டு வரை நீளும். உத்தரவாதம் முடிந்த பிறகும் ஓராண்டு தவணை கட்ட வேண்டியிருக்கும். காரிலேயே விலை மிகுந்த பொருள் பேட்டரி என்பதை நாம் மறந்துவிடலாகாது. கடனை 7 ஆண்டுக்குள் முடிக்க வருமானம் இடந்தந்தால் வாங்கலாம். இல்லையேல் பொறுத்திருப்பதே குடும்பத்துக்கு நல்லது.