பேரணிக்கு வராதவர்

துக்க வீட்டிற்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்குப் பார்ப்பது நம் ஊர்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று, அரசுகளும் பார்க்கின்றன. 2015 ஜனவரியில் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் மீது எழுந்த கண்டனம் அத்தகையதே.

அவ்வாண்டு ஜனவரி 7 அன்று, பாரிசில் 'ஷார்லி எப்தோ' என்னும் அங்கத வார இதழின் அலுவலகத்தைத் தாக்கிய இருவர் 12 பேரைக் கொன்றனர். அடுத்த இரு நாள்களில் பெண் காவலர் ஒருவரும், யூதர் அங்காடியில் பிணையாகப் பிடிக்கப்பட்டோருள் நால்வரும் பலியாயினர். ஞாயிற்றுக்கிழமையான 11ஆம் நாள் பாரிசில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்துடன் ஜெர்மனியின் மெர்கல், பிரிட்டனின் கேமரன், இஸ்ரேலின் நெதன்யாகு, பாலஸ்தீனத்தின் அப்பாஸ் ஆகியோர் முன்வரிசையில் நடந்தனர். அமெரிக்காவின் சார்பில் வந்தவரோ தூதர் ஜேன் ஹார்ட்லி மட்டுமே. அந்நாட்டின் சட்டத்துறைத் தலைவர் எரிக் ஹோல்டர் அன்று பாரிசில் இருந்தும் பேரணிக்குச் செல்லவில்லை.

ஒபாமா வாளாவிருந்தார் என்று கூறுதல் பொருந்தாது. 8ஆம் நாளே வாஷிங்டனில் உள்ள பிரெஞ்சுத் தூதரகம் சென்று இரங்கற் குறிப்பேட்டில் எழுதினார். ஆயினும் கண்டனம் ஓயவில்லை. உயர்நிலையில் உள்ள ஒருவரை அனுப்பியிருக்க வேண்டும் என வெள்ளை மாளிகை மறுநாளே ஒப்புக்கொண்டது. குறுகிய கால அவகாசத்தையும் பாதுகாப்புச் சிக்கலையும் அது காரணங்களாகக் கூறிற்று. அதிபருக்கு அவை பொருந்தலாம். பாரிசிலேயே இருந்த ஹோல்டருக்குப் பொருந்துமா? எனவே கண்டனத்தில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம்.

ஆனால், வராதவரைக் கேட்ட கேள்வி வந்தவர்களை ஏன் விட்டுவிட்டது? பேச்சுரிமைக்காக நடந்த அப்பேரணியில் எகிப்தின் வெளியுறவு அமைச்சரும் இருந்தார். அல் ஜசீரா செய்தியாளர்கள் அப்போது கெய்ரோச் சிறையில் இருந்தனர். 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு இம்முரணைச் சுட்டிக்காட்டியது. அக்குரல் ஒபாமாவைப் பற்றிய கூச்சலில் அமிழ்ந்தது. தலைவர்கள் நடந்ததும் காவலிடப்பட்ட தனித் தெருப்பகுதியில், சிறிது தொலைவே. மேலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் அவர்களுக்குப் பின்னிருந்த வெற்றிடம் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. பேரணிக்கு இரு நாள் முன்னர், ஜனவரி 9 அன்று, சவூதி அரேபியாவில் ராயிப் பதாவி என்னும் வலைப்பதிவருக்கு, எழுதிய குற்றத்திற்காக, பொதுவிடத்தில் 50 கசையடிகள் தரப்பட்டன. விதிக்கப்பட்டவை 1000. அந்நாட்டு மன்னர் அப்துல்லா 23ஆம் நாள் மறைந்தார். இந்தியாவிற்கு வந்திருந்த ஒபாமா ஆக்ராப் பயணத்தைக் கைவிட்டு, 27ஆம் நாள் ரியாத் சென்று துக்கம் கேட்டார்.

பாரிசுக்குச் செல்லாததைவிட, ரியாதுக்குச் சென்றதே நம்மை உறுத்துகிறது. பேச்சுரிமையின்பால் ஒரு தலைவருக்குள்ள பற்றை அளக்க விரும்புவோர், அவர் எந்தப் பேரணியில் நடந்தார் என்பதோடு நில்லாமல், எழுதியதற்காக அடிபட்டவனுக்காக என்ன செய்தார் என்றும் கேட்க வேண்டும். இக்கேள்வி அன்று பாரிசில் கைகோத்து நின்ற அனைவருக்கும் உரியது.