நெய்வேலி பழுப்பு நிலக்கரி

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியைச் சுற்றிப் பூமிக்கடியில் கிடைக்கும் எரிபொருள். வெட்டியெடுக்கும்போது இதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். வெகுதூரம் ஏற்றிச் சென்றால் கட்டுப்படியாகாது என்பதால் சுரங்கத்துக்கு அருகிலேயே எரித்து மின்சாரமாக்குகிறார்கள். மேலே நெல்வயலும் முந்திரித்தோப்பும், கீழே கரி.

புதுச்சேரியை அடுத்த பாகூர்ப் பகுதியில் 1880களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கண்டதாகக் குறிப்புகள் உண்டு. நெய்வேலியில் கண்டறிந்த பெருமையைப் பொதுவாக ஜம்புலிங்க முதலியாருக்குத் தருகிறார்கள். தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய துகள்கள் பொங்கி வந்தன என்பது ஊரறிந்த கதை. 1934 என்பாரும் 1935 என்பாரும் உளர். பின்னர் எச். கே. கோஷ் மேற்பார்வையில் சென்னை அரசு துளையிட்டுப் பார்த்த பிறகே கரி எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பது துலங்கியது.

1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரியை எட்டுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேல்மண்ணில் கிடந்த கடினமான மணற்பாறை, ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்களின் பற்களைத் தேய்த்தது. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தித்தான் வாளிகளை இறக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். கரிப்படலத்துக்கு அடியில் இருக்கும் நீர், அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. மேலுள்ள மண்ணை அகற்றிவிட்டால் குழியின் தரையைப் பிளந்துகொண்டு அது பீறிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்தபடியே வெட்டுகிறார்கள். பம்புகளுக்கு இங்கே தீபாவளி விடுமுறையும் கிடையாது. 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது.

அன்றைய திட்டம் மின்சாரத்தோடு நிற்கவில்லை. அதே கரியிலிருந்து யூரியா தயாரிக்கும் ஆலை 1966இல் இயங்கத் தொடங்கியது. வயலைத் தோண்டி எடுத்த கரி, உரமாகி வயலுக்கே திரும்பியது. கரியைத் தூளாக்கி, அழுத்திக் கட்டியாக்கி, சூளையில் புகை நீக்கி 'லெக்கோ' என்ற பெயரில் விற்றார்கள். சமையல் எரிவாயு பரவாத நாட்களில் தமிழ்நாட்டின் கும்மட்டி அடுப்புகளில் அது கனன்றது. பிற்காலத்தில் உர ஆலையும் மூடப்பட்டது, லெக்கோவும் மறைந்தது.

முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கிய அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் இரண்டாம் சுரங்கமும் 1,470 மெகாவாட் திறனுள்ள இரண்டாம் அனல்மின் நிலையமும் சேர்ந்தன. பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன.

இறைத்த நீர் எங்கே போகிறது? ஒரு பகுதி செங்கால் ஓடை வழியாக வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனமாகிறது. அதே ஓடையில் வந்த கரித்தூளும் சாம்பலும் வாலாஜா ஏரியைத் தூர்த்ததும் உண்டு. கிணறுகள் வற்றுவதற்குச் சுரங்கமே காரணம் என்று விவசாயிகள் சொல்கிறார்கள். இறைப்பதற்கு ஈடாக மழைநீர் ஊறுகிறது என்று நிறுவனம் சொல்கிறது. மழை, சுரங்கம், ஊர்ப் பம்புசெட்டு மூன்றின் பங்கையும் பிரித்தறிவது எளிதன்று.

சோவியத் காலத்து முதல் மின்நிலையம் 2020இல் ஓய்வுபெற்றது. அதே ஆண்டு மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் நிலையத்தின் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2070க்குள் நிகரக் கரியுமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவதாக இந்தியா 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. நிறுவனம் சூரிய மின்சாரத்திலும் இறங்கியுள்ளது, சுரங்கமும் விரிகிறது.

2023 ஏப்ரலில், தமிழக அரசின் எதிர்ப்புக்குப் பிறகு, வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றையும் மத்திய அரசு நிலக்கரி ஏலத்திலிருந்து நீக்கியது. மூன்று மாதம் கழித்து வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றி விடும் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். விதைத்தவர்களோ அறுவடை வரை பொறுத்திருக்கலாம் என்றார்கள். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.